நான் வாங்கிக்கொண்ட மதிய வேளை

தாள்கள் பறக்காமலிருக்கத் தூக்குச்சட்டியின் மூடியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு எழுதுவார் எங்கள் பள்ளியின் தமிழ் டீச்சர். சித்தூரில் நான் தலைமையாசிரியையாக இருந்த காலம். மதிய மணி அடித்ததும் நின்றபடியே நாலு கவளம் சாப்பிட்டுவிட்டு, காலியான மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்காருவார். குடிபாலாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். வீட்டில் மாமியார், மூன்று பிள்ளைகள், இரண்டு மாடுகள். "ஊட்டுக்குப் போயிட்டா பேனாவத் தொட முடியாதும்மா. எனக்குன்னு கீறது இந்த ஒரு மணி நேரம்தான்" என்பார்.

நாவல் எழுதிக்கொண்டிருந்தார். முதல் ஒன்பது அத்தியாயங்களை என்னிடம் படிக்கக் கொடுத்தார். புகுந்த வீட்டைவிட்டு விடியற்காலையில் கிளம்பிவிடும் ஒரு பெண்ணின் கதை. நன்றாக இருந்தது, அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அதனால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று இன்றைக்கு என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஆந்திரம் தனியாகப் பிரிந்த பிறகும் எல்லைத் தகராறு ஓயவில்லை. எந்த ஊரில் எத்தனை வீடு தமிழ், எத்தனை வீடு தெலுங்கு என்ற பட்டியல்களை இரண்டு எழுத்திலும் படியெடுத்துத் தரும் வேலை எங்கள் பள்ளிக்கு வந்தது. இரண்டையும் திருத்தமாக எழுதக்கூடியவர்கள் அவரும் நானும்தான். நான் எழுதியிருக்கலாம். தலைமையாசிரியை உட்கார்ந்து படியெடுப்பதா என்று நினைத்தேன். வகுப்பும் கெடக்கூடாது என்று அவருடைய மதிய வேளையைக் கேட்டேன்.

"ஒரு மாசம்தான் டீச்சர்."

மூடிக்குக் கீழே இருந்த தாள்களைப் பார்த்தார். "சரிம்மா" என்றார்.

மாதம் முடிந்தது. பட்டியலில் திருத்தங்கள் வந்தன. அப்புறம் பரீட்சை, அப்புறம் வேறொரு ரிஜிஸ்டர். வாங்கிய நேரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் கேட்கவில்லை. எல்லை முடிவாகித் திருத்தணி தமிழ்ப் பக்கம் போனபோது, சர்க்கார் வேலையிலிருந்த அவர் கணவர் அங்கே மாற்றல் வாங்கிக்கொண்டார். குடும்பமும் கூடவே போயிற்று.

பல வருடம் கழித்துத் திருப்பதி பஸ் நிலையத்தில் பார்த்தேன். மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். மொட்டையடித்த கணவர் பையோடு சற்றுத் தள்ளி நின்றார். மாமியார் காலமாகி, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் வேலையிலிருந்தார்கள். நாவலை முடித்தாரா என்று கேட்க வாய் வரவில்லை.

"உங்க நேரத்தை நான்தான் கெடுத்தேன்" என்றேன்.

"அத விடுங்கம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப நாள் முழுக்க நேரம் கீது. தாள எடுத்துக்கினு ஒக்காந்தும் பாத்தேன். கதையில கீறவங்க யாரும் எங்கிட்ட பேச மாட்டேன்றாங்க."

அவர்கள் ஏறிய பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்றிருந்தேன். என் உடம்பை விசாரித்தார், பள்ளியை விசாரித்தார்.