முப்பது நாளுக்கு முப்பது கோழி

மனைவி மீயின் வயிறு வெளியே தெரிவதற்கு முன்பே லோங் கோழிக் குஞ்சுகளை வாங்கி விட்டுவிட்டான். பிள்ளை பெற்றவள் முப்பது நாளைக்கு மூலிகை போட்டு வேகவைத்த கோழியும் சுடுசோறும்தான் சாப்பிட வேண்டும் என்பது ஹ்மோங் என்ற மலைக்குடி வீடுகளின் வழக்கம். நாளுக்கு ஒரு கோழி. அத்தனையையும் புருஷனே வீட்டில் வளர்த்து வைத்திருக்க வேண்டும். லோங்கின் பெரியப்பா மகன் பாவ், ஏழு வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கோழி குறைந்துபோய்ச் சந்தையில் வாங்கினான். அன்றிலிருந்து அந்த மலைச்சரிவில் அவன் பெயர் 'சந்தைக்கோழி'. அவன் மகனைக்கூட 'சந்தைக்கோழி மகன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

லோங் கல் அடுக்கிச் சுவர் கட்டுகிறவன். பாட்டு வராது. சோளச் சாராயம் இரண்டாவது கோப்பையிலேயே அவனைத் தூங்க வைத்துவிடும். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். ஆனால் கோழி வளர்க்க வந்தது. சோள அறுவடை முடிந்தபோது கொட்டகையில் முப்பத்திரண்டு கறுப்புக் கோழிகள் இருந்தன. அதில் சேவல் இரண்டு, ஒன்று பெரியது, ஒன்று இளசு.

பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது குளிர் இறங்கியது. உறைபனி விழும், நான்கு நாளைக்கு விடாது, எருமைகளை உள்ளே கட்டுங்கள் என்று ஊர் ஒலிபெருக்கி காலையிலிருந்து கத்தியது. கோழியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. லோங் எருமைக்குச் சாக்கைப் போர்த்திவிட்டு நேராகக் கோழிக் கொட்டகைக்குப் போனான்.

சந்து பொந்தைக் கண்டால் கல் வேலைக்காரன் கை சும்மா இருக்காது. பலகை இடுக்கு ஒவ்வொன்றிலும் மண்ணும் பாசியும் திணித்தான். அதற்குமேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினான். கதவின் ஓரமெல்லாம் வைக்கோல் அடைத்தான். ஊசி நுழைய இடமில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பாவ் பார்த்துக்கொண்டிருந்தான். "டேய் தம்பி, கோழிக்கு ஸ்வெட்டர் பின்னச் சொல்லலையா உன் பொண்டாட்டிகிட்ட?"

"சந்தைக்குப் போற பழக்கம் எனக்கு இல்ல அண்ணே. அதான் பத்திரமா பாத்துக்கிறேன்."

பாவ் எருமையைப் பார்க்கப் போனான்.

கடைசியாக லோங் ஒரு சட்டியில் கரி நெருப்பு எடுத்துவந்தான். மீ வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நிறைமாத வயிற்றோடு அவள் மறித்தால் சுற்றிப் போகவும் வழியில்லை.

"அடைச்ச இடத்துல கரி நெருப்பா? கோழியோட நீயும் போய்ச் சேரவா? கொண்டுபோய் அடுப்புல கொட்டுய்யா."

கொட்டினான்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது, இட்லிப்பானை மூடியைத் திறந்தது போல ஆவி முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. பிளாஸ்டிக் தாளின் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் பரப்பிய உமி சொதசொத என்று கிடந்தது. கோழிகள் நனைந்து, சிலிர்த்து, மூலையில் ஒடுங்கியிருந்தன. ஒன்று செத்துவிட்டது. இன்னொன்று கழுத்தைத் தொங்கப்போட்டிருந்தது. பெரிய சேவலின் கொண்டை நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. குளிரோ இன்னும் மூன்று நாள் பாக்கி.

லோங் கீழே கிடந்த மண்கட்டியை எடுத்தான். "எங்கியோ ஒரு ஓட்டைய விட்டிருக்கேன்."

"ஓட்டையே விடலைய்யா நீ, அதான் வினை," என்றாள் மீ. கல்யாணத்துக்கு முன்னால் மாவட்ட ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பயிற்சி எடுத்தவள் அவள். சுவரை விரலால் தடவி ஈரத்தைக் காட்டினாள். "முப்பது பேரு ராத்திரி முழுக்க விட்ட மூச்சு இது. போக வழியில்லாம அதுங்க மேலயே விழுந்திருக்கு. நனைஞ்ச உடம்பத்தான் குளிர் பிடிக்கும். கூரைக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஒரு சாண் திற."

"காத்து வருமே."

"தலைக்கு மேல வந்தா வரட்டும். கால்கிட்ட வரக்கூடாது, அவ்வளவுதான்."

தான் திணித்த மண்ணைத் தானே பெயர்த்தெடுப்பது லோங்குக்குப் பல்லைப் பிடுங்குவது போல இருந்தது. இருந்தாலும் எடுத்தான். நனைந்த உமியை வாரிக்கொட்டி, உலர்ந்த உமியும் அடுப்புச் சாம்பலும் பரப்பினான். கோழிகள் அடைகிற மெல்லிய கழியை எடுத்துவிட்டு அகலப் பலகை போட்டான். பலகையில் உட்கார்ந்தால் வயிறு விரல்களை மூடிக்கொள்ளும். தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் காலையும் மாலையும் வெந்நீர் வைத்தான். அடைவதற்கு முன்னால் வயிறு நிறையச் சோளம் போட்டான். இரை இருந்தால் இரவெல்லாம் உடம்பு சூடாக இருக்கும். பெரிய சேவலைப் பிடித்துக் கொண்டையில் பன்றிக்கொழுப்புத் தடவினான்.

துவண்ட கோழியை மீ கந்தையால் துடைத்து, கூடையில் போட்டு அடுப்போரம் வைத்தாள். "பிழைச்சா கொட்டகைக்கு. இல்லன்னா சாயங்காலம் குழம்புக்கு."

கோழி மதியமே எழுந்து நின்று கூடையை அசிங்கப்படுத்தியது.

அடுத்த மூன்று நாளும் விடியும்போதே லோங் கொட்டகைக்கு ஓடுவான். கதவைத் திறந்ததும் முதலில் உமியைத்தான் தொட்டுப் பார்ப்பான். மூன்று நாளும் உலர்ந்திருந்தது. முப்பத்தொன்றும் உயிரோடிருந்தன. குளிர் விட்ட நாளின் மதியம் மீ ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள்.

மூன்றாம் நாள் குழந்தையின் உயிரை வீட்டுக்குள் அழைத்துப் பெயரிடப் பெரியவர் ஒருவர் வந்தார். பலிக்குப் பெரிய சேவலைக் கொடுத்தார்கள். அதன் கொண்டை நுனி கறுத்து உதிர்ந்திருந்ததைப் பார்த்தார். "மூளியா இருக்கே. இது ஆகாதுப்பா. சின்னதப் பிடி." இளஞ்சேவல் மீயின் அன்றைய சாப்பாடாயிற்று. மூளிக்கொண்டை கூரையேறிக் கூவியது.

இருபதாம் நாள், "என் தலைமுடியிலயே கோழி வாசம் அடிக்குது" என்றாள் மீ. இருபத்தைந்தாம் நாள் கோழி என்ற வார்த்தையையே வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றாள். ஆனாலும் ஒருநாள்கூடக் குறையவில்லை. முப்பதும் முடிந்து, முப்பத்தோராம் நாள் கடுகுக்கீரை ஊறுகாயை வெறும் வாயிலேயே தின்றாள்.

கொட்டகையில் மிச்சமிருந்தது மூளிக்கொண்டை மட்டும். தனியாக நின்று நாள் முழுக்கக் கத்தியது.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், இரண்டு கையிலும் பெட்டைக்கோழிகளோடு லோங் திரும்பியபோது எதிரே பாவ் நின்றான். ஏழு வருடமாகக் காத்திருந்தவன் முகம் அது.

"வா தம்பி, வா. சந்தைக்கோழியா?"

"ஆமாண்ணே," என்றான் லோங். "பொண்டாட்டிக்கு இல்ல, சேவலுக்கு."