அண்ணாச்சி ஜன்னலோரம் மாட்டிய படம்

அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் என் படத்தைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தேன். மே மாதக் கண்காட்சிக்குப் படங்களை டெம்போவில் ஏற்ற இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. போனில் அவர் மகள் மீனா. "ஆன்ட்டி, அப்பா காலைல ஆஃப் ஆயிட்டாங்க" என்றாள். பூனாவிலேயே பிறந்து வளர்ந்த பெண். இந்த ஊரில் சாவை அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் புரிந்தது. புரிந்தும் "என்னடி உளர்றே?" என்று அவளைத் திட்டிவிட்டேன். அவள் அழுதாள். அப்புறம் நானும் அழுதேன்.

சுடலைமுத்து அண்ணாச்சியை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? அறியாதவர்களுக்கு இரண்டு வரி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வீடு போபோடியில், வேலை பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில். வேலை போக மிச்ச நேரத்தில் படம் வரைகிற எங்கள் பத்துப் பன்னிரண்டு பேரை, தமிழர் மராத்தியர் என்று பாராமல் சேர்த்து, வருஷா வருஷம் மலையிறக்கிக் கொங்கணக் கரையில் ஒரு சின்ன ஊரின் ஓவியக் காலரிக்குக் கூட்டிப்போனவர். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சாண் நீள ரசமட்டம் ஒன்று இருக்கும். படத்தை மாட்டி, அதன் தலையில் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை விடமாட்டார். எந்தப் படம் எந்தச் சுவரில் என்பதும் அவர் முடிவுதான். எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.

எனக்கு வரும். சேர்ந்த மூன்றாம் வருஷமே வந்தது. அந்தக் காலரியில் கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய ஜன்னல் உண்டு. அதையொட்டிய சுவர்தான் ராஜமரியாதை உள்ள இடம் என்று நான் நம்பியிருந்தேன். தாபோடிப் பாலத்தில், கொட்டுகிற மழையில், பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்களை ஐந்து மாதம் உட்கார்ந்து வரைந்திருந்தேன். அண்ணாச்சி அதைக் கொண்டுபோய் வாசலில், செருப்பு கழற்றும் இடத்தில் மாட்டினார். அதுவும் என் இடுப்பு உயரத்தில்! கடற்கரை மணல் உள்ளே வரக்கூடாது என்று அங்கே எல்லோரும் செருப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

"செருப்புக்குப் பக்கத்துலயா என் படம்? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?" என்று கத்தினேன்.

அவர் ரசமட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு மணி நேரம் இங்கன உக்காரும்மா. அதுக்கப்புறம் ஏசு, கேட்டுக்கிடுதேன்" என்றார்.

வீம்புக்கென்றே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லோரும் உள்ளே நுழைந்ததும் நேரே ஜன்னலுக்குப் போனார்கள். படங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். ஆனால் வாசலில் ஒருவர் விடாமல் நின்றார்கள். நனைந்த வார் லேசில் அவிழாது. விரலிடுக்கு மணலைத் தட்ட வேண்டும். சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிகிறவர் முகத்துக்கு நேரே என் பாலம். ஒரு அம்மாள் பாதி கழற்றிய செருப்போடு அப்படியே நின்று, "அகோ, ஹா தாபோடிச்சா பூல்!" என்று தன் வீட்டுக்காரரைக் கூவி அழைத்தாள். தாபோடிப் பாலமாம், கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு மூக்கு உடைந்தாலும், அன்றைக்கு அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேறொரு கோபம் பிடித்துக்கொண்டது. அண்ணாச்சி தன் படத்தை எப்போதும் ஜன்னலோரம்தான் மாட்டுவார். யாருமே பார்க்காத இடம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஐந்து வருஷமாக ஒரே படம். போபோடி ரயில்வே கேட், மழை, கேட் திறக்கக் காத்திருக்கும் ஸ்கூட்டர்கள். "இன்னும் முடியல" என்று ஒவ்வொரு வருஷமும் எங்கேயாவது ஒரு இடத்தைத் திருத்திக் கொண்டுவருவார். போன மே மாதம் நான் விடவில்லை. "உங்க படத்தை ஒரு தடவையாவது வாசல்ல மாட்டுங்க அண்ணாச்சி. வரைஞ்சதுக்கே இது துரோகம் இல்லையா?"

சிரித்தார். "கடலோட போட்டி போட எவன் படமாவது வேணும்லா? என் படம் போடட்டும். ஒங்களதெல்லாம் ஜெயிக்கட்டும்."

"அடுத்த வருஷம் நான் மாட்டுவேன் பாருங்க."

"நான் இருக்கவரைக்கும் ஆணி என் கையிலதான்" என்றார்.

இந்த மே மாதம் ஆணி என் கைக்கு வந்தது. கண்காட்சியே வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். அவருக்குச் செய்கிற மரியாதையா அது என்று நான் சண்டை போட்டுப் படங்களை டெம்போவில் ஏற்றினேன். வாசல் சுவர் எனக்குத்தான் என்று எல்லோருமாகச் சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை இருந்தது. பிம்ப்ரி மார்க்கெட்டை வரைந்திருந்தேன். இதுவரை நான் வரைந்ததில் அதுதான் உருப்படி. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். பிறகு கீழே வைத்துவிட்டு அண்ணாச்சியின் ரயில்வே கேட்டை எடுத்து, குனிகிறவர் கண்ணுக்கு எட்டுகிற மாதிரி தாழ மாட்டினேன். மீனா கொடுத்திருந்த ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது.

முதல் நாள் மீனா வந்தாள். எல்லா வருஷமும் வந்தவள்தான். வந்ததும் அப்பாவைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்க் கடலைப் படம் பிடிப்பாள். இந்த முறை வாசலில் குனிந்து செருப்பின் பக்கிளை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. எல்லா ஸ்கூட்டர்களுக்கும் நடுவில், ஒரு ஸ்கூட்டரின் முன்னால் மஞ்சள் ரெயின்கோட் போட்ட சின்னப் பெண் ஒருத்தி நிற்கிறாள். தலையில் அப்பாவின் பெரிய ஹெல்மெட், முகம் தெரியாது. யாரோ ஒரு பிள்ளை என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

"ஆன்ட்டி, இது என்னோட ரெயின்கோட்" என்றாள் மீனா. "பாக்கெட்ல கிழிசல் கூட அப்படியே இருக்கு. அப்பா சொல்லவே இல்லையே!" ஒரு காலில் செருப்போடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வருகிறவர்கள் அவளைச் சுற்றிப்போனார்கள். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அண்ணாச்சி, உங்கள் ரசமட்டம் இனி என் கைப்பையில் இருக்கும். நீங்கள் வகுத்த சட்டமும் என்னிடம்தான். இந்த முறை என் மார்க்கெட் படம் ஜன்னலோரம் தொங்குகிறது. மூன்று நாளாக ஒரு ஈ காக்காய் திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு எரிகிறது, எரியட்டும். கடலோடு போட்டி போட எவர் படமாவது வேண்டுமே.