கலியன் மடை திறக்கவில்லை

செய்தி வந்தபோது நான் உப்பு லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். பெருமுக்கல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தேசிங்குவின் மனைவி அஞ்சலைதான் போனில் பேசினார். "போயிட்டாருண்ணா" என்றார். "சரிம்மா, வர்றேன்" என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு மிச்சக் கயிற்றையும் இழுத்துக் கட்டினேன். ஒரு முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று டிரைவர் சொன்னார். அதை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

அழுகை வரவில்லை. காரியம் முடிந்து, அவன் படத்துக்கு மாலை போட்டு, ஆளாளுக்குப் பேசி முடித்த பிறகும் வரவில்லை. நம் உப்பளச் சங்க மலருக்கு அவனைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். உருக்கமாக எழுத எனக்கு இப்போது வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

தேசிங்குவின் அளமும் என் அளமும் ஒரே வரப்பில் ஒட்டியவை. உப்பளத்தில் சண்டை எப்படி வரும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். பாத்தியில் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சி, மடையை அடைத்து, வெயிலில் வற்ற விடுகிறோம். உப்பு பூக்க வேண்டிய நேரத்தில் தண்ணீர் வற்றாமல் நின்றால், பக்கத்துக்காரன் மடையைத் திறந்துவிட்டான் என்ற பேச்சு உடனே கிளம்பும். அதைத் தவிர வேறு காரணம் எங்கள் ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாது. ஒரு வருஷம் எனக்கும் தெற்குப் பக்கத்துக்காரருக்கும் இப்படித்தான் முற்றி, இருவரும் மண்வெட்டியோடு நின்றோம். தேசிங்கு வந்தான். செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கி, மெதுவாக நடந்தான். வெயிலில் சூடேறிய தண்ணீர் காலைச் சுடும். அடியிலிருந்து ஊற்று கசிகிற இடம் மட்டும் சில்லென்று இருக்கும். அந்த இடத்தில் போய் நின்றான். "மடை அடைச்சபடிதான் இருக்குது. கீழ ஊத்து. சண்டைய வுட்டுட்டு களிமண்ணு கொண்டாங்க" என்றான். எத்தனையோ வரப்புச் சண்டைகளை இப்படித் தீர்த்து வைத்தவன் அவன். "மொதல்ல கீழ பாரு, அப்புறம் ஆளைப் பாரு" என்பான். அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருக்கும், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

அவனுக்கு இடுப்பு வலி வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்பளத்தில் இடுப்பு வலி இல்லாதவன் யார்? சிறுநீர் சரியாகப் போகாமல் அவதிப்பட்ட பிறகுதான் புதுச்சேரிக்குப் போனோம். கார் என்னுடையது, அதனால் துணையும் நானே. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்புக்கும் போய்விட்டது என்றார்கள். டாக்டரம்மா நிதானமானவர். "இந்தக் கட்டிக்கு ஆம்பளை ஹார்மோன்தான் சாப்பாடு. ஊசி போட்டா அது சுரக்கிறது நின்னுடும். சாப்பாடு இல்லாம கட்டி சுருங்கும்" என்றார். தேசிங்கு என்னைத் திரும்பிப் பார்த்து, "மடைய அடைக்கிறாங்க" என்றான்.

ஊசி வேலை செய்தது. ரத்தத்தில் பி.எஸ்.ஏ என்று ஒன்றைப் பார்ப்பார்கள். நோய் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். அது மளமளவென்று இறங்கியது. வலி விட்டது. இரண்டு பருவம் அளத்துக்கு வந்தான். ஆனால் ஹார்மோன் போனதும் உடம்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. மார்கழிக் குளிரில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மாதவிலக்கு நிற்கிற வயதில் பெண்களுக்கு வருகிற அதே வேர்வையாம். "இப்ப அஞ்சலைக்கும் எனக்கும் ஒரே நேரத்துல வேர்க்குது, கரண்டு பில்லு மிச்சம்" என்று சிரித்தான். அஞ்சலைக்குச் சிரிப்பு வரவில்லை. போகப்போக அவனுக்கும் வரவில்லை. கை கால் சோர்ந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பான்.

அவன் தம்பி கலியனால் இதைப் பார்க்க முடியவில்லை. அண்ணன் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். திண்டிவனத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சொல்லி, ஆண்களுக்குத் தெம்பு தரும் என்று ஒரு லேகியம் வாங்கி வந்து கொடுத்தான். தேசிங்குவும் தின்றான். டாக்டரிடம் சொல்லவில்லை.

அடுத்த சோதனையில் பி.எஸ்.ஏ ஏறியிருந்தது. அன்று மாலை வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். ஊசி தவறாமல் போட்டும் எப்படி ஏறியது என்று பேச்சு வந்தது. யாரோ லேகியத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஆண்மைக்கு என்று போட்டிருந்தது. பட்டினி போட்டு வைத்திருந்த நோய்க்குக் கலியனே தீனி போட்டுவிட்டான் என்றார்கள். தேசிங்கு எழுந்து நின்றான். "நீதாண்டா மடையத் தொறந்து வுட்டவன். இனிமே என் வூட்டுப் பக்கம் வராத" என்றான். கலியன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனான். அப்புறம் வரவில்லை. அண்ணனை நான்தான் கொன்றுகொண்டிருக்கிறேன் என்று அவன் சாப்பிடாமல் தூங்காமல் கிடப்பதாக அஞ்சலை சொன்னார். ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்தவன், தன் விஷயத்தில் மட்டும் கீழே பார்க்கவில்லை. இறந்தவனைப் பற்றி இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் பின்னால் வருவதற்கு அர்த்தம் இல்லை.

அடுத்த முறை போனபோது நான் லேகியத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா அன்றைய ரத்தத்திலும், பி.எஸ்.ஏ ஏறியபோது எடுத்து வைத்திருந்த ரத்தத்திலும் ஹார்மோன் அளவைப் பார்க்கச் சொன்னார். முடிவு வந்தது. இரண்டிலும் ஹார்மோன் அடிமட்டத்தில்தான் இருந்தது. அப்படியானால் நோய் எதைத் தின்று வளர்கிறது என்று நான்தான் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஹார்மோனைப் பிடித்துக்கொள்ள அந்தச் செல்களில் ஏற்பி என்று ஒன்று இருக்கிறதாம். பட்டினி கிடக்கும் செல்களில் சில, அந்த ஏற்பிகளைப் பல மடங்கு பெருக்கிக்கொண்டு, இருக்கிற துளியையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் ஏற்பியே உருமாறி, ஹார்மோன் இல்லாமலே வளரச் சொல்லிக்கொண்டிருக்கும். சில செல்கள் உடம்பில் கிடைக்கிற வேறு சரக்கை வைத்துத் தங்களுக்கான ஹார்மோனைத் தாங்களே செய்துகொள்ளும். மற்றவை செத்துப்போக, இப்படித் தப்பித்தவை பெருகும். பலருக்கும் என்றாவது ஒருநாள் இப்படி ஆகிறது, யாரும் தப்பு செய்திருக்க வேண்டும் என்றில்லை என்றார்.

தேசிங்கு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "லேகியத்தால இல்லீங்களா?"

"அதால இருந்தா இந்த ஹார்மோன் ஏறியிருக்கணும். ஏறலையே. என்னைக் கேக்காம எதையும் சாப்பிடாதீங்க, அது வேற விஷயம். ஆனா இது அதால வரல" என்றார் டாக்டரம்மா. ஊசியை நிறுத்தக் கூடாது, கூடவே வேறு மாத்திரை தருகிறேன் என்றும் சொன்னார்.

திரும்பும்போது காரில் கீழ்புத்துப்பட்டு வரை வந்துவிட்டோம். அப்புறம், "ஏம்பா, வூட்டுக்கு வுடாத. அளத்துக்கு வுடு" என்றான்.

கலியன் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தான். தேசிங்குவுக்கு அப்போதே நடை தள்ளாடியது. என் தோளைப் பிடித்து வரப்பு வரை வந்தான். செருப்பைக் கழற்றி வைத்தான். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பாத்திக்குள் இறங்கி, வழக்கம்போல மெதுவாக நடந்து, நடுவில் போய் நின்றான். வேலை செய்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "கலியா, கீழ ஊத்துடா. நீ எதையும் தொறக்கல" என்றான். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னான்.

கலியன் உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டான். அண்ணனைக் கைத்தாங்கலாகக் கரைக்கு ஏற்றி உட்கார வைத்தான். குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர்க் கேனை எடுத்து அவன் கால்களில் முழுவதும் ஊற்றி, உப்பு போகக் கழுவி, தன் தலைத்துண்டால் பாத வெடிப்புகளைத் துடைத்தான். பிறகு தூக்கிக்கொண்டு போய் காரில் உட்கார வைத்தான். அன்றிலிருந்து கடைசி நாள் வரை, குளிப்பாட்டுவதும் புரட்டிப் போடுவதும் கலியன்தான்.

புது மாத்திரை கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தியது. அதையும் நோய் தாண்டியது. பிறகு சலைன் வழியாக மருந்து ஏற்றினார்கள், எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். அவனால் அளத்துக்கு மறுபடி வர முடியவில்லை.

இதை எழுதும் காரணத்தைச் சொல்கிறேன். உடலை எடுத்துப் போகும்போதே ஊர்வலத்தில் எனக்கு முன்னால் நடந்த இரண்டு பேர் லேகியத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள். கலியன் தீச்சட்டிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நடந்தான். அவன் காதிலும் விழுந்திருக்கும். அன்று பாத்தியில் நின்றவர்கள் சிலர்தான். இதைப் படிப்பவர்கள் அதிகம். ஆகவே தேசிங்கு சொன்னதை நான் மறுபடி சொல்கிறேன். மடை கடைசி வரை அடைத்துத்தான் இருந்தது. கலியன் எதையும் திறக்கவில்லை.

அன்று வரப்பில் கழற்றிய செருப்பைத் தேசிங்கு மறந்துவிட்டான். நான் எடுத்துக் காரின் பின்சீட்டுக்கு அடியில் போட்டேன், கொடுக்க மறந்துபோனேன். காரியம் முடிந்த மறுநாள் கலியன் வந்து, அண்ணன் செருப்பு உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். "கொஞ்ச நாள் என்கிட்டயே இருக்கட்டும்பா" என்றேன். சரி என்று போய்விட்டான். திருப்பம் வரும்போதெல்லாம் பின்னால் அது நகர்கிற சத்தம் கேட்கிறது. வண்டியை மெதுவாக ஓட்டுகிறேன்.