பிளேஸ்டோவில் பிஷப் இல்லாத சபை

பியற்றிஸ் அக்கா அந்தத் தேவாலயத்துக்குள் முதன்முதலில் போனது பக்தியால் அல்ல, மழையால். 1985ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லண்டனின் பிளேஸ்டோவில் தம்பி வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தவரின் குடையைக் காற்று மடக்கிவிட்டது. பக்கத்தில் ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம் திறந்திருக்க, உள்ளே ஒதுங்கினார்.

அங்கே வயதான ஆங்கிலேயர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். ஆராதனை முடிந்து, கூரையை முதலில் திருத்துவதா ஓர்கன் வாத்தியத்தைத் திருத்துவதா என்று காரசாரமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு கைகளை உயர்த்தினார்கள். கூரை ஆறுக்கு மூன்று என்று வென்றது. தோற்றவர்களில் ஒருவரான, ஓர்கன் வாசிக்கும் கிழவரே எழுந்து எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார்.

"உங்கள் பிஷப் இதற்குச் சம்மதிப்பாரா?" என்று அக்கா கேட்டார்.

"எங்களுக்குப் பிஷப் இல்லை. எங்கள் சபையை நாங்களேதான் ஆளுகிறோம். இங்கே இருக்கும் ஒன்பது பேரும்தான் பிஷப்," என்றார் சபையின் செயலாளர் மிஸ் விட்டேக்கர். எழுபத்தைந்து வயது, கம்பு ஊன்றி நடப்பவர், குரல் மட்டும் மணி.

அந்தப் பதிலுக்காகவே அடுத்த ஞாயிறும் போனதாக அக்கா என்னிடம் சொன்னார். நான் அந்தச் சபைக்கு வந்தது 1988இல். அதற்கு முந்தியவை அவர் சொல்லக் கேட்டவை. பிந்தியவை நானே பார்த்தவை.

பியற்றிஸ் அக்கா யாழ்ப்பாணத்துத் தொலைபேசி நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் ஒப்பரேற்றராக இருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு தம்பி கூப்பிட்டு லண்டனுக்கு வந்தார். இங்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. கலியாணம் செய்யவில்லை. கேட்டால், "ஊர்ச் சனத்தின்ர புருஷன் பெண்சாதிச் சண்டை முழுக்க லைனில கேட்டனான். பிறகு ஆருக்கு ஆசை வரும்?" என்பார்.

சபைக்கூட்டத்தில் கை உயர்த்த அங்கத்தவராக வேண்டும். அங்கத்தவராவதற்கு, தனக்கு விசுவாசம் எப்படி வந்தது என்று எல்லார் முன்னிலையிலும் எழுந்து சொல்ல வேண்டும். இது பழைய வழக்கம் என்று மிஸ் விட்டேக்கர் விளக்கினார். முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன், அரசரும் பிஷப்பும் தங்கள் வழிபாட்டில் தலையிடக்கூடாது என்று பியூரிட்டன்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி மசாசூசெற்ஸில் ஒரு குடியேற்றம் அமைத்தார்களாம். அங்கே இப்படிச் சாட்சி சொல்லிச் சபையில் சேர்ந்த ஆண்களுக்குத்தான் ஊர் ஆட்சியிலும் வாக்கு.

"சேராதவைக்கு?" என்று அக்கா கேட்டார்.

"வரி உண்டு, வாக்கு இல்லை. எதிர்த்துப் பேசிய ஒருவரை நாடுகடத்தினார்கள். நடுமாரியில், பனி கொட்டக் கொட்டக் காட்டுக்குள் நடந்தார், பாவம்."

"விடுதலை தேடிப் போனவையே இப்பிடிச் செய்தவை?"

"அவர்களேதான்," என்றார் மிஸ் விட்டேக்கர். இருவரும் சிரித்தார்கள்.

தன் முறை வந்தபோது அக்கா எழுந்து நின்று உண்மையைச் சொன்னார். "நான் கடவுளின் குரலைக் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் மற்ற எல்லாருடைய குரலையும் கேட்டேன். பிள்ளை பிறந்த செய்தி, செத்த செய்தி, பொய், அழுகை. கேட்ட ஒன்றையும் வெளியே சொல்லவில்லை. இவ்வளவையும் ஒருவர் கேட்டுக்கொண்டு பொறுமையாக இருக்கிறார் என்றால் அவர் பெரியவர்தான் என்று ஒருநாள் நினைத்தேன். அவ்வளவுதான்." ஒன்பது கைகளும் உயர்ந்தன.

அடுத்த ஐந்து வருடத்தில் தமிழ்ச் சனம் வந்து சேர்ந்தது. அக்கா ஒருவரையும் வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம், "அங்க ஒருத்தரும் எங்களுக்கு மேல இல்லை, வந்து பாருங்கோ" என்பார். 1991இல் ஆங்கிலேயர் ஆறு பேர், நாங்கள் இருபத்தைந்து பேர். பின்னேரம் தமிழ் ஆராதனை. பெண்களும் ஆண்களும் ஒரேமாதிரிச் சாட்சி சொன்னோம், ஒரேமாதிரிக் கை உயர்த்தினோம்.

தேவாலயத்தின் பின்னால் ஒரு மண்டபம் இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே சிவகௌரி என்பவர் நாற்பது பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தார். அவருடைய கணவர் யோகலிங்கம் மண்டபத்தைச் சூடாக்கும் பழைய பொயிலரை ஒவ்வொரு மாரியும் கெஞ்சியும் தட்டியும் ஓடவைப்பவர். இருவரும் சைவர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள்.

அந்த வருடம் மண்டபத்துக்கு ஒரு நிர்வாகக் குழு தேவைப்பட்டது. மண்டபத்தைப் பாவிக்கிற எல்லாருக்கும் அதில் வாக்கு இருக்க வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். அவர் அதைப் பிரேரணையாகக் கொண்டுவர முதல், சபை அங்கத்தவரான தியாகராஜா அண்ணை எதிர்ப்பிரேரணை எழுதிவந்தார்: மண்டப விஷயத்திலும் சபை அங்கத்தவருக்கு மட்டுமே வாக்கு.

தியாகராஜா அண்ணை ஊரில் கச்சேரி எனப்படும் அரசாங்கச் செயலகத்தில் பிரதம லிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றவர். வெயில் நாளிலும் கழுத்தில் ரை கட்டுவார். அமெரிக்கன் மிசனறிமார் தன் பூட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கதையை அடிக்கடி சொல்வார். மார்கழி பிறந்து கிறிஸ்மஸ் நெருங்கினால் மட்டும் பிள்ளையாகிவிடுவார். யன்னலில் கடதாசி நட்சத்திரம், கையால் செய்த கேக், வாடகை வான் பிடித்துத் தெற்கு லண்டன் நோர்பரி வரைக்கும் கரோல்.

ஆங்கிலம் நன்றாக வாசிப்பவர் என்றாலும் கூட்டத்தில் அவர் தமிழில்தான் பேசினார். ஆறு ஆங்கிலேயருக்கும் மொழிபெயர்க்க வேண்டியவர் பியற்றிஸ் அக்கா. அவர் எதிர்க்கட்சி. என்ன செய்யப்போகிறார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணை முப்பது நிமிடம் பேசினார். சுற்றறிக்கை, ஒழுங்குவிதி, உபவிதி என்று எங்கெங்கோ போய், நடுவில் தன் வீடு எரிந்ததைச் சொன்னார். திரும்பவும் உபவிதிக்கு வந்தார். அவர் முடித்ததும் அக்கா எழுந்தார். "இவர் சொல்வது இதுதான்: நாங்கள் வீட்டை இழந்தோம், ஊரை இழந்தோம். எதையும் நாங்களே தீர்மானிக்கக்கூடிய ஒரே இடம் இந்த அறைதான். அதைப் பலரோடு பங்குபோட்டால் இதுவும் கையை விட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறார்." அண்ணை சொன்னதில் இல்லாத ஒரு கருத்தும் அதில் இல்லை. ஆனால் அவர் சொன்னதைவிட நன்றாக இருந்தது. ஓர்கன்காரக் கிழவர் கண்ணைத் துடைத்தார்.

ஆறு ஆங்கிலேயரில் ஐந்து பேர் அண்ணைக்குக் கை உயர்த்தினார்கள். பதினேழுக்குப் பதினான்கு. அக்கா தோற்றார்.

வெளியே வந்ததும் நான் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "ஏனக்கா, கொஞ்சம் குழப்பிச் சொல்லியிருக்கலாமே?"

"லைனைக் குடுக்கிறவள் கதையை மாத்தக்கூடாது," என்றார். "அந்த மனிசன் பயந்ததும் உண்மைதானே? வாக்கெண்டா வாக்குத்தான்."

அன்றே யோகலிங்கத்தின் வீட்டுக்குப் போனார். மற்றவர் வாயால் அவர்கள் கேள்விப்படக்கூடாது என்று நினைத்தார். நெற்றியில் திருநீறோடு கதவைத் திறந்த யோகலிங்கம் முழுவதையும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, ஆருக்கு வாக்கு, ஆருக்கு இல்லையெண்ட சண்டை இல்லாத கோயில் ஒண்டு காட்டுங்கோ பாப்பம்! நான் பொயிலருக்கு வாறனான், வாக்குக்கில்லை."

சிவகௌரி சிரிக்கவில்லை. "எனக்கு அப்பிடியில்லை, அக்கா. நாற்பது பிள்ளையளின்ர தாய் தகப்பன் என்னட்டத்தான் கேப்பினம். எங்களைக் கேக்காமல் நாளைக்கு மண்டபத்தைப் பூட்டினா நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"நீங்கள் சொல்லுறது சரி. நான் திரும்பக் கேப்பன்," என்றார் அக்கா.

ஆனால் திரும்பக் கேட்டது அவரல்ல. வென்ற பிரேரணையை முறையான விதியாக எழுத வேண்டும் என்று தியாகராஜா அண்ணை தீர்மானித்தார். பிரதம லிகிதர் முன்மாதிரி பார்க்காமல் எழுதுவாரா? பழைய காலத்தில் வாக்குரிமை எப்படி இருந்தது என்று மிஸ் விட்டேக்கரிடம் கேட்க, அவர் மசாசூசெற்ஸ் குடியேற்றம் பற்றிய தடித்த சரித்திரப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அண்ணை மூன்று கிழமை குறிப்பெடுத்துப் படித்தார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் ரை கட்டாமல் வந்தார். அதுவே எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி.

"பியற்றிஸ், இதைக் கேளுங்கோ. மசாசூசெற்ஸில கிறிஸ்மஸ் கொண்டாடினா அபராதமாம்! சட்டம் போட்டிருக்கினம்! எங்கட மிசனறிமாரின்ர முப்பாட்டன்மார்!"

"அப்பிடியோ, அண்ணை?"

"கேக் வெட்டினா நானும் குற்றவாளி. என்னையும் காட்டுக்குள்ள கலைச்சிருப்பினம்." குறிப்புத் தாள்களை மேசையில் விரித்தார். "அவையும் பயந்துதான் செய்திருக்கினம் போல. எங்கட இடம் போயிடுமெண்டு. நான் கதைச்சதும் அதைத்தானே. அண்டைக்கு நீங்கள் இங்கிலீசில சொல்லேக்கதான் நான் என்ன சொல்லுறன் எண்டு எனக்கே விளங்கினது."

பிறகு அவரே புதிய பிரேரணையை வாசித்தார். ஆராதனை, போதகர், விசுவாசம் ஆகியவற்றைச் சபை அங்கத்தவர் தீர்மானிப்பர். மண்டபம், பொயிலர், சமையலறை ஆகியவற்றை மண்டபத்தைப் பாவிக்கும் அனைவரும் தீர்மானிப்பர். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. பதினொரு உபவிதிகளும் இருந்தன. இம்முறை அக்கா மொழிபெயர்த்தபோது உபவிதிகளையும் விடவில்லை. ஆங்கிலேயர் இருவர் நித்திரையாகிவிட்டார்கள். எழுப்பிக் கேட்டதில் அவர்களும் கை உயர்த்தினார்கள். எதிர்த்து ஒருவரும் இல்லை.

1992 தையில் மண்டபத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. சிவகௌரி தலைவராகத் தெரிவானார். அவருடைய பெயரை முன்மொழிந்தவர் தியாகராஜா அண்ணை. ஆமோதித்தவர் ஓர்கன்காரக் கிழவர்.

மிஸ் விட்டேக்கர் அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். அவருக்குப் பின் செயலாளராக பியற்றிஸ் அக்காவைத் தெரிவுசெய்தோம். அவர் கூட்டம் நடத்துவது பார்க்க நன்றாக இருக்கும். கூச்சத்தில் வாய் திறக்காதவரைப் பார்த்து, "நீங்கள் லைனில நிக்கிறியள், கதையுங்கோ" என்பார். ஒருவர் மற்றவரை இடைமறித்துப் பேசினால், "லைன் பிஸி" என்பார்.

அவர் கொண்டுவந்த பிரேரணைகளில் பாதிக்குமேல் தோற்றன. 1996இல் வாசல் கதவுக்கு நீலம் அடிக்கவேண்டும் என்று ஒன்றரை மணித்தியாலம் வாதாடினார். சபை பச்சை என்று சொல்லிவிட்டது. மறுநாள் காலையில் நான் அந்தப் பக்கம் போனபோது, அறுபத்திரண்டு வயதில், பழைய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் நின்று கதவுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு, அக்கா."

"எனக்குப் பிடிக்கேல்லை," என்று சொல்லிவிட்டுத் தூரிகையைத் திரும்பவும் வாளிக்குள் தோய்த்தார்.