எடுக்கக் கூடாத அழைப்பு

2023 டிசம்பர் 14, வியாழக்கிழமை. 5.20க்கு எழுந்தேன். இரவு பெய்த மழை 18 மில்லிமீற்றர். கிணற்றடியில் முகம் கழுவி, பிளேன்ரீ குடித்து, ஆட்டுக்குக் குழை கட்டிவிட்டு, 7.10 பேருந்தில் நாரந்தனையிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வேலைக்குப் போனேன். மனைவி சுவிஸில் மகள் வீட்டில் இருந்ததால் மதியம் பாணும் சம்பலும்.

மகளுக்கு முதல் பிரசவம். மனைவிக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். மகளைப் பற்றிய கவலையை அவளிடம் விட்டுவிட்டு நான் அவளுடைய கைத்தொலைபேசியைப் பற்றிக் கவலைப்பட்டேன். வேலணையில் எனக்குத் தெரிந்த ஒருவர் பிரான்சில் போய் இறங்கி வீட்டுக்கு ஒருமுறை கதைத்ததில், போனில் போட்டுக்கொண்டு போன காசு முழுவதும் கரைந்துவிட்டதாம். அவர் கதைத்ததைவிட, பைக்குள் கிடந்த தொலைபேசி தானாகத் தின்றதுதான் அதிகமாம். இதைக் கேட்ட பிறகு நான் சும்மா இருக்க முடியுமா? அங்கே ஒரு சிம் வாங்கிக் கொடுக்கிறேன் என்றாள் மகள். வீட்டில் வைஃபை இருக்கும்போது அது வீண் என்று தீர்ப்புச் சொன்னேன்.

பதினொரு விதிகளை ரைப் செய்து இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று அவளுடைய கைப்பைக்குள், மற்றது என் பைலுக்குள். வீட்டுக்குள் வாட்சப். வெளியே போனால் தொலைபேசி விமானப் பயண நிலையில் உறங்க வேண்டும். ஆசுப்பத்திரியிலிருந்து செய்தி சொல்ல மட்டும் அதை எழுப்பலாம். ஒரு தரம் அடித்து வெட்டினால் பிள்ளை பிறந்துவிட்டது, இருவரும் நலம். நான் எடுக்கக் கூடாது. விடாமல் அடித்தால் ஏதோ பிழை, எடுக்க வேண்டும். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு மிஸ்கோல் விட்டு, அவர்கள் திருப்பி எடுக்கும்வரை காத்திருந்து பழகிய ஊர் எங்களுடையது. அந்தக் கலையில் நான் ஒரு படி மேலே போய்விட்டதாகவே நினைத்தேன்.

பின்னேரம் 3.42க்கு, வீடு திரும்பும் பேருந்தில், தொலைபேசி ஒரு தரம் அடித்து நின்றது. அவளுடைய இலக்கம். விதிப்படி தொடவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். 3.44க்கு என் சிரிப்பு போய்விட்டது. அந்த இடத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அவள் வெட்டினாளா, சிக்னல் அறுந்ததா? விடாமல் அடித்திருக்க வேண்டிய அழைப்பாக இருந்தால்?

திருப்பி எடுத்தேன். வெட்டினாள். மறுபடி எடுத்தேன். வெட்டினாள். மூன்றாம் முறை, தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியிலும் சொன்னார்கள். மருமகனுக்கு வாட்சப்பில் எழுதினேன். அது போய்ச் சேரவில்லை.

வீட்டுப் படலையில் பக்கத்து வீட்டுக்காரி நின்றார். கணவர் கடற்தொழில் செய்கிறவர். என் மனைவி போன நாள் முதல் எனக்கு மீன்குழம்பு தந்து காப்பாற்றுகிறவர் இவர்தான். என் முகத்தைக் கண்டு விசாரித்தார். பைலை எடுத்து, ஒரு தரம் அடித்து வெட்டும் விதியை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

“அக்கா உங்கட கடுதாசிப்படிதானே செய்யிறா அண்ணை. பிறகேன் அவவிலை கோவம்?”

“சிக்னல் போயிருந்தால்?”

“அதுக்கொரு விதி எழுதேல்லையோ?”

எழுதவில்லை. அவர் சிரித்தார். ஆனால் வீட்டுக்குப் போய் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினார் என்று பிறகு அறிந்தேன். நான் விபூதி பூசிக்கொண்டு கதிரையில் இருந்து, தொலைபேசியைப் பார்த்தபடியே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கழித்தேன். விளக்குப் போடவும் மறந்துபோனேன்.

7.35க்கு வாட்சப்பில் மனைவியின் அழைப்பு வந்தது.

“பெட்டை. மூண்டு கிலோ நூறு. தாய் நித்திரை. இப்பதான் வீட்டை வந்தனான்.”

 எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

“நான் எடுக்கேக்கை நீர் ஏன் வெட்டினனீர்?”

“ஒன்பதாம் விதியைப் பாருங்கோ.”

பார்த்தேன். ‘பதற்றத்தில் நான் திருப்பி எடுத்தாலும் பதிலளிக்க வேண்டாம். வெட்டிவிட்டு உடனே விமானப் பயண நிலைக்குத் திரும்பவும்.’ தெளிவான வசனம். கீழே என் கையெழுத்து, திகதியுடன்.

“அவள் உள்ளுக்குக் கத்தக் கத்த நான் வெளியிலை தனிய இருந்தனான்,” என்றாள். “உங்களோடை ஒரு சொல்லுக் கதைச்சால் காணும் எண்டு இருந்தது. கடுதாசியை ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்தன். அதுக்கு ஒண்டும் எழுதியிருக்கேல்லை.”

 இனிமேல் போனைத் திறந்தே வையும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஊர்காவற்றுறையில் தொலைபேசிக் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். மனைவியின் இலக்கத்துக்கு வெளிநாட்டில் கதைக்கும் ரோமிங் பொதி போட வேண்டும் என்றதும், கடைக்காரர் ஆக மலிவானதைக் காட்டத் தொடங்கினார். அதை விட்டுவிட்டு, கன நேரம் கதைக்கக்கூடியது எது என்று கேட்டேன். போட்ட கையோடு அவளை அழைத்தேன். சுவிஸில் அப்போது விடியற்காலை நாலு மணி என்பது மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் நினைவு வந்தது. எடுத்தாள். ஏசி முடித்த பிறகுதான் பேத்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.