புரேக்குப் பிடித்த தழை

வாடவிட்ட சோளப்பயிரில் ஒரு கைப்பிடி சுருட்டிப் புரேயின் வாயருகே நீட்டினாள் செய்துனா. எருது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மக்காச்சோளக் குருணை ஊறிய தண்ணீரை வைத்தாள். மோந்து பார்த்துத் தும்மியது. அவள் முகமெல்லாம் குருணை.

"தின்னுத் தொலையேன்டா!"

ஹரார் மலைப்பக்கம் கறிமாட்டை மேயவிடுவதில்லை. ஏரிலிருந்து அவிழ்த்த எருதை வீட்டுக்குள் கட்டி, பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் கையால் ஊட்டித்தான் கொழுக்க வைப்பார்கள். இவனுக்கென்றே சோளத்தை நெருக்கி விதைத்து, இடுப்பொடியக் கலைத்துப் பிடுங்கியவள் அவள். வியாபாரி வருவதற்குள் விலாவில் சதை பிடித்தால்தான் மழைக்கு முன் தகரக் கூரை. இல்லையென்றால் இந்த வருஷமும் ஒழுகலுக்குச் சட்டி வைக்க வேண்டியதுதான்.

கண் பட்டுவிட்டது என்றாள் பக்கத்து வீட்டுக் கைரியா. புகை போட்டார்கள். வீடே இருமியது, எருது மட்டும் அசையவில்லை.

வெளியூருக்குத் துக்கம் கேட்கப் போயிருந்த கணவன் மூமே அன்று மதியம் திரும்பினான். காலை நீட்டி உட்கார்ந்து, வழக்கம்போல், மென்றால் மெல்லிய போதை தரும் சாத் தழையைக் கிள்ளிக் கன்னத்தில் அடக்கினான். புரே காதை விடைத்து எழுந்து நின்றது. மூமே மிச்சக் காம்புகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் வீசினான். எருது கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

செய்துனாவுக்கு விளங்கிவிட்டது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"பாவம், மதியானம் அதுக்கும் பொழுது போகணுமேடி."

"வீட்டுல ஒரு ஆளு மென்னுக்கிட்டு உக்காந்திருக்கறது போதாதா? இதையும் பழக்கிவிட்டீங்களா?"

பயிருக்குள் ஒரு காம்பைச் செருகி நீட்டினாள். தின்றது. அதுவும் மூமே பக்கத்தில் உட்கார்ந்து மென்றால் மட்டும். அவன் எழுந்தால் வாயை மூடிக்கொண்டது.

"பாத்தியா? நான் ஒரு வேலையும் செய்யறதில்லன்னு சொல்லுவியே!" என்று அடுத்த கொத்தைப் பிரித்தான் மூமே.

பல்லைக் கடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் மென்றான், எருது மென்றது. பயிர் பிடுங்கி, தண்ணீர் சுமந்து, சாணி அள்ளி, ஊட்டியவள் அவள்.

வியாபாரி வந்து விலாவை அழுத்தினான். திமிலைப் பிடித்து ஆட்டினான். "சதை நல்லா ஏறியிருக்கே! யாரு ஊட்டினது?"

மூமே தொண்டையைச் செருமினான். "நான்தான். கூடவே உக்காந்து..."

சாணிக்கூடையை அவன் காலருகே தொப்பென்று போட்டாள் செய்துனா.

விலை படிந்தது. வியாபாரி கயிற்றை இழுத்தான். புரே நகரவில்லை; மூமேயின் கன்னத்தையே பார்த்து நின்றது.

"கெளம்புங்க," என்றாள் கணவனிடம். "நீங்கதானே ஊட்டினீங்க? சந்தை வரைக்கும் மென்னுக்கிட்டே முன்னால நடங்க. வரும்போது தகரத்தைத் தூக்கிட்டு வாங்க."