ரேடியோ என்று கூப்பிட்ட கடற்கரை

கரைவலை இழுக்கும்போது ஈரக் கயிற்றிலிருந்து ஒரு வாசம் வரும்... உப்பும் பாசியும் கலந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் என் சட்டையெல்லாம் அந்த வாசம்தான்.

கல்முனையில் எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுக்க ராத்தா தங்கச்சிகளின் வீடுகள், அவர்களின் பிள்ளைகள். நாங்கள் மட்டும் ஒலுவில் ஊரிலிருந்து வந்து வீடு கட்ட வளவு வாங்கியவர்கள்.

அந்தப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கல்லை எறிந்து பிடித்துக் கொக்கான் விளையாடுவார்கள். நான் பக்கத்தில் போய் நிற்பேன்.

"எங்களுக்கு ஆள் சரி. நீ செருப்பப் பாத்துக்க" என்பாள் மூத்தவள் ஜெஸீமா.

"அவ வாயத் திறக்கமாட்டாடீ... ஊமச்சி" என்பாள் இன்னொருத்தி.

போகப்போக அது உண்மையாகிவிட்டது. அந்த ஒழுங்கைக்குள் எனக்குக் குரலே வரவில்லை. உம்மா கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவேன்.

ஆனால் கடற்கரையில்...

வலை கரையேறும்போது நழுவி விழும் சின்ன மீனைப் பொறுக்கப் பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் வருவார்கள். முதல் நாள் அவர்களில் புவனா என்றொருத்தி என் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, ஒரு கீரி மீனுக்கா இவ்வளவு பெரிய சட்டி?"

"மத்ததெல்லாம் உன்ட முகத்தப் பாத்துட்டுக் கடலுக்கே ஓடிட்டு" என்றேன்.

எங்கிருந்து வந்ததோ. எல்லாரும் மணலில் விழுந்து சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அங்கே என் பெயர் ரேடியோ. "அந்தா, ரேடியோ வாறாள்" என்று தள்ளி உட்கார்ந்து இடம் தருவார்கள். வலைகாரர்களின் நடையை, சண்டையை நடித்துக் காட்டுவேன். திரும்ப ஒழுங்கைக்குள் கால் வைத்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கும் பாண்டிருப்புத் தமிழ் ஆட்களுக்கும் பிரச்சினை வந்தது. வீடு எரிந்த வாசம் எங்கள் வளவு வரை வந்தது.

"இனிக் கடலும் வேணாம், பள்ளிக்கூடமும் வேணாம் மகள்" என்றார் வாப்பா.

"ஓம் வாப்பா" என்றேன். அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்துக் களவாகப் போய்ப் பார்த்தேன். வலை இழுத்தார்கள். மீன் துள்ளியது. பொறுக்க ஒருவரும் இல்லை.

இப்போது எனக்குப் பேரப்பிள்ளைகள். மூத்தவள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், டொக்டராக வேணுமாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாள் முழுக்கக் கதைக்கிறார்கள். நான் வாசித்துவிட்டு ஒரு பூப்படம் போடுவேன். "மூத்தம்மா நல்ல அமைதி, பிறவிக் குணம்" என்று அவளே எழுதினாள்.

பிறவிக் குணம் இல்லை மகள்... என்று தட்டினேன். பிறகு அழித்துவிட்டேன். சொன்னால் யார் சாட்சி?

பாண்டிருப்பு பக்கத்து ஊர்தான். பஸ் அந்த வழியால் போகும்போது ஜன்னல் பக்கம் உட்காருவேன். என் வயதில் யாராவது வீட்டு வாசல் படலையில் நின்றால் உற்றுப் பார்க்கிறேன்... புவனாவாக இருந்தால் ரேடியோ என்று கூப்பிட மாட்டாளா என்று.